பிஸீனுக்கு ஒரு வேலி

உப்பளம் பேட்டையில் தேவதாஸ் முசே தன் வீட்டுத் தோட்டத்தில் பிஸீன் கட்டியபோது அதைப் பார்க்க ஊரே வந்தது. கடலைத் தினமும் பார்க்கிற ஜனங்கள்தான். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் குறைச்சல் இல்லாத ஊர்தான். ஆனாலும் ஒரு மனுஷன் சொந்த மதிலுக்குள், குடிக்கவும் இல்லாமல் பாய்ச்சவும் இல்லாமல், சும்மா நீந்துவதற்கென்று நீலக்கல் பதித்து ஒரு குளம் வெட்டி வைத்திருக்கிறான் என்றால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? பிரெஞ்சு பேசுகிற வீடுகளில் அதற்குப் பிஸீன் என்று பேர். மற்றவர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். இந்தோசீனா, அல்ஜீரியா என்று போகாத சண்டை இல்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு மனைவியோடு பிறந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். பிரெஞ்சு முறைப்படி அவரை முசே என்றும் அவளை மதாம் என்றும் எல்லாரும் கூப்பிட்டார்கள். அரைக்கால் சட்டை, வாயில் சுருட்டு. உப்பு எடுத்துவா என்பதையும் துப்பாக்கி எடுத்துவா என்கிற மாதிரிதான் சொல்வார். ஒரே மகன் பிரான்சிலேயே தங்கி, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாடா என்று இவர் எழுதும்போதெல்லாம், வெயில் ஆகாது, பிள்ளைகளுக்கு அங்கே பொழுது போகாது என்று அவன் பதில் எழுதினான். அந்தப் பதிலுக்குச் சொன்ன பதில்தான் பிஸீன். பேரப் பிள்ளைகள் ஒரு வக்கான்ஸுக்கு வந்தார்கள், நாளெல்லாம் தண்ணீரிலேயே கிடந்தார்கள், போனார்கள். அந்த விடுமுறையைப் பற்றி முசேயும் மதாமும் வருஷக்கணக்கில் பேசினார்கள்.

அந்த வீட்டில் வேலை பார்த்தவள் கன்னியம்மாள். வைத்திக்குப்பத்துக்காரி. புருஷன் பலராமன் கட்டுமரத்தில் போகிறவன். காலையில் அவன் கொண்டுவருகிற மீனில் நல்லதாக நாலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு உப்பளத்துக்கு வருவாள். மதாமுக்கு வஞ்சிரம் என்றால் உயிர். வடகம் போட்டுத் தாளித்துக் கன்னியம்மாள் வைக்கிற குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டு, "பாரீஸ்ல கூட இப்புடிக் கெடைக்காது கன்னி" என்பாள். பாரீஸில் அதை யார் வைக்கப் போகிறார்கள் என்று கன்னியம்மாளும் சிரிப்பாள்.

பிள்ளையின் பேர் வேம்பு. முதல் இரண்டும் தங்காமல் போனதால், கசப்பான பேராக வைத்தால் எமன் தொடமாட்டான் என்று வைத்த பேர். மூன்று வயசு. வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றும். அது பிஸீன் பக்கம் போவதைப் பார்த்து மதாம் பதறினால், "அது குப்பத்துக் குட்டி மதாம், தண்ணிய அதுக்குத் தெரியும்" என்பாள் கன்னியம்மாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. குப்பத்துப் பிள்ளைகள் நடை பழகுவதே ஈரமணலில். அலை வந்து காலைத் தட்டும், பிள்ளை பொத்தென்று உட்காரும், அலை போகும், பிள்ளை எழுந்து சிரிக்கும். கடல் சத்தம் போடும். ஆளைத் திருப்பியும் தள்ளும். எங்கே வரை போகலாம் என்று கால் சொல்லிவிடும். பிஸீனுக்கு அந்த நாணயமெல்லாம் கிடையாது. நிற்கிற தரையை அடுத்த அடியே ஆள் முழுகுகிற ஆழம். மதில் வைத்த வீட்டில் தண்ணீருக்கு மட்டும் மதில் இல்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரை வெயிலில் அது நடந்தது. மத்தியானம் சாப்பிட்டு முசேயும் மதாமும் தூங்கப் போனார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் காக்கைகூடக் கத்தாது. கன்னியம்மாள் பின்கட்டுக் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை சீத்தா மரத்தடியில் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சாக்கு மட்டும் கிடந்தது. ஒரு சின்னச் சத்தம்கூட அவள் காதில் விழவில்லை.

போலீஸ் வந்தது, எழுதியது, போனது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "கடல்காரன் புள்ள தொட்டித் தண்ணியிலயா செத்துச்சு?" கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பலராமனுக்கு அது முள்ளாகத் தைத்தது. இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று பெண்டாட்டியிடம் சொன்னான். கருமாதி முடிந்ததும் கன்னியம்மாள் மறுபடி வேலைக்குப் போய்விட்டாள். குப்பத்தில் எல்லாரும் அவளைத் தூற்றினார்கள். பணத்தாசை என்றார்கள்.

விஷயம் வேறு. முசே அன்றைக்கே பிஸீனில் இருந்த தண்ணீரை இறைத்துவிட்டார். காய்ந்து கிடந்த குளத்தில் சீத்தா இலைகளும் வேப்பஞ்சருகும் விழும். அதைப் பெருக்குகிற சாக்கில் கன்னியம்மாள் இரும்பு ஏணியில் இறங்குவாள். பெருக்கி முடித்துவிட்டு, பிள்ளை கிடந்த மூலையில் நீலக்கல்லின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கல் வெயிலில் சூடேறி இருக்கும். அந்தச் சூடு பிள்ளையின் உடம்புச் சூடு போலவே இருக்கிறது என்று ஒருநாள் மதாமிடம் சொன்னாள். மதாம் அதன் பிறகு அவள் இறங்குகிற நேரத்தில் தோட்டத்துப் பக்கமே வருவதில்லை. இரண்டு வருஷம் அப்படிப் போனது.

எண்பத்து மூன்று ஆனியில் மகனிடமிருந்து கடுதாசி வந்தது. ஆடியில் வருகிறார்களாம். பெரிய பிள்ளைகள் இரண்டோடு, போன தடவைக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டியும் வருகிறதாம். அது இப்போதுதான் நடக்கிறதாம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மெத்தைகளை வெயிலில் போட்டார்கள். முசே விசில் அடித்துக்கொண்டே போய் மோட்டாரைத் தட்டிவிட்டார். காய்ந்த பிஸீனில் தண்ணீர் விழுகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. கன்னியம்மாள் அரிந்துகொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"முசே, தண்ணி வுடறீங்களா?"

"பின்ன? புள்ளைங்க வருது இல்ல?"

"வுடுங்க. நான் வேணாங்கல. சுத்தி ஒரு வேலி போட்டுட்டு வுடுங்க முசே. ஒரு கதவு வச்சி, கொக்கிய மேல வச்சிட்டாப் போதும்."

"வேலியா? இது இன்னா மாட்டுப்பட்டியா?" என்றார் முசே. "என் பேரனை எப்புடிப் பாத்துக்கறதுன்னு எனக்குத் தெரியும். அவனவன் புள்ளைய அவனவன் பாத்துக்கணும்."

கடைசி வார்த்தை வாயைவிட்டு வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுருட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கன்னியம்மாள் அங்கேயே நின்று தண்ணீர் ஏறுவதைப் பார்த்தாள். அவள் உட்காருகிற மூலைதான் முதலில் முழுகியது.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. மேரிக்குப் போனாள். நகராட்சி ஆபீசை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வெள்ளைக்காரன் போன பிறகும் பேர் போகவில்லை. அங்கே கட்டட சம்பந்தமான வேலைகளைப் பார்த்தவர் தட்சிணாமூர்த்தி. நல்ல மனுஷர். கேட்டதற்குப் பதில் சொல்கிறவர்.

"இன்னாம்மா வேணும்?"

"சட்டம் வேணும் சார்."

"எந்தச் சட்டம்?"

"வூட்டுக்குள்ள பிஸீன் வச்சிருக்கறவங்க அதைச் சுத்தி வேலி போட்டே ஆவணும்னு ஒரு சட்டம். இருந்தா எடுத்துச் சொல்லுங்க. இல்லன்னாப் போடுங்க."

தட்சிணாமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. யார் வீடு, என்ன விஷயம் என்று அவள் சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பேனாவை மூடி வைத்தார்.

"திறந்த கெணறுன்னா சொவுரு எழுப்பச் சொல்லி எழுதலாம்மா. பிஸீனுக்குன்னு ஒண்ணும் இல்ல. இந்த ஊர்ல பிஸீன் வச்சிருக்கறது நாலு பேரு. நாலு பேருக்கு யாரு சட்டம் போடுவாங்க?"

"நாலு பேரு வூட்டுலயும் வேலை செய்யறவங்க இருக்காங்க இல்ல சார்? அவங்களுக்கும் புள்ளைங்க இருக்கும் இல்ல?"

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"அதுவும் தண்ணி. கெணறும் தண்ணி. அதையும் கெணறுன்னே எழுதிக்குங்க சார்."

"நான் எழுதிட்டா ஆயிடுமா? மேல இருக்கறவங்க ஒத்துக்கணும். எழுதிப் பாக்கறன். ஆனா ஆடிக்குள்ள வருமான்னு கேக்காத. அடுத்த ஆடிக்குள்ள வந்தாலே பெருசு" என்றார். பிறகு, "டீ சாப்புடறியா?" என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று எழுந்துகொண்டாள்.

குப்பத்துக்கு வந்தபோது பலராமன் கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தான். தெற்கத்திக் காற்று மணலை வாரி அடித்தது. அடுப்பில் காரப்பொடி மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவனே கூட்டி வைத்திருந்தான்.

"எங்க போன?"

"மேரிக்கு."

"எதுக்கு?"

சொன்னாள். பலராமன் கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்தான்.

"உனக்கு இன்னா பைத்தியமாடி? அந்த வூட்டுப் பேரனுக்கு நீ எதுக்கு வேலி கேட்டுக்கினு அலையற? அவங்க குளம், அவங்க புள்ள. வுழுந்தா வுழுது."

"வாயக் கழுவுய்யா!" என்று அவள் கத்தியதில் பக்கத்துக் குடிசையில் நாய் எழுந்து குரைத்தது. "இப்பத்தான் நடக்குதாம் அது. மதாம் போட்டா காமிச்சாங்க. வாயில வெரல வச்சிக்கினு நிக்குது. நம்முது மாதிரியே."

பலராமன் கடலைப் பார்த்தான்.

"நான் வேலை செய்யப் போறன்னுதான எல்லாரும் நெனைக்கறாங்க? நீகூட அப்புடித்தான நெனைக்கற? அது கெடந்த எடத்துல போய்க் குந்திக்கினு வருவன்யா. அதுக்குத்தான் போறன். குழி தோண்டிப் பொதைச்ச எடத்துல அது இருக்கற மாதிரியே எனக்குத் தோணல. அங்கதான் இருக்கு. இப்ப அதையும் தண்ணி மூடிடுச்சி. பரவால்ல, மூடட்டும். அந்த எடத்துல இன்னொரு புள்ள வந்து கெடக்கக் கூடாதுய்யா. அது என் புள்ள எடம்."

அவள் அழுதாள். அவன் அவளைத் தேற்றவில்லை. அவனுக்குத் தேற்றத் தெரியாது. எழுந்து போய்க் குழம்பை இறக்கினான், அவளுக்குச் சோறு போட்டான். சாப்பிட்டுக்கொண்டே, "கொக்கி எவ்ளோ ஒசரத்துல வைக்கணும்ன்ற?" என்று கேட்டான்.

மறுநாள் பலராமன் கடலுக்குப் போகவில்லை. பழைய வலையைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு அவளோடு உப்பளத்துக்கு நடந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு அவன் அந்த வீட்டுக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. முசே ரொட்டி வாங்கப் போயிருந்தார். பிஸீனைச் சுற்றிச் சவுக்கு முளைகளை அடித்து, தண்ணீருக்கு மேலே வலையை இழுத்துக் கட்டினான். மதாம் ஜன்னலில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை. மதிலுக்கு மேலே அக்கம்பக்கத்துத் தலைகள் முளைத்தன. பிஸீனில் வஞ்சிரம் பிடிக்கிறாயா என்று ஒருவன் கேட்டான். பலராமன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கக்கத்தில் ரொட்டியோடு வந்த முசேக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னடா இது? என் வூட்டுல வந்து வலை போடறியா? அவுருடா!"

"வேலி போடுங்க. அவுத்துக்கறன்."

"போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. அன்னிக்கு வந்தவங்கதான? வழி தெரியும் அவங்களுக்கு."

முசே ரொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே குனிந்து வலையைப் பிடித்து இழுத்தார். முளை அசையவில்லை. வேகமாக இழுத்ததில் விரல்கள் கண்ணிக்குள் போய் மாட்டிக்கொண்டன. உதறினார், இன்னும் இறுகியது. பட்டாளத்து மனுஷன் ஒரு பழைய வலையில் கையை விட்டுக்கொண்டு எடுக்க முடியாமல் முழங்காலில் நின்றார். பலராமன் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான்.

"சொல்லிடுங்களேன்" என்றாள் மதாம். அவள் எப்போது வெளியே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. "எதுக்கு வேலி வேணாங்கறீங்கன்னு அவங்களுக்குச் சொல்லிடுங்க. என்னால முடியல."

முசே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பேசியபோது பரேட் குரல் இல்லை.

"என் மகனுக்குத் தெரியாது."

"எது?"

"இங்க ஒரு புள்ள செத்தது. நான் எழுதல. எழுதினா வரமாட்டான். அவன் பொண்டாட்டி வுடமாட்டா. இப்ப வேலி போட்டா, போன தடவை இல்லியேப்பா, இப்ப எதுக்குன்னு கேப்பான். நான் இன்னா சொல்லுவேன்?" அவர் கன்னியம்மாளைப் பார்க்காமலே பேசினார். "கட்டறப்பவே மேஸ்திரி கேட்டான், சுத்திக் கம்பி போடட்டுமா முசேன்னு. அசிங்கமா இருக்கும்னு நான்தான் வேணாம்னேன். அதையும் சேத்துச் சொல்லணும் இல்ல? அதுங்க வராமப் போயிட்டா நாங்க ரெண்டு பேரும் இங்க எதுக்கு இருக்கணும்? சொல்லு."

மதாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதிலுக்கு மேலே இருந்த தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. யாருக்கும் கேட்கப் பிடிக்கவில்லை.

கன்னியம்மாளுக்கு அந்த நேரத்தில் அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் வந்திருந்தால் நியாயம் என்பேன். வரவில்லை. பிள்ளையைப் பார்க்க ஏங்குகிற ஏக்கம் என்ன என்று அவளுக்குத் தெரியும். அது அவருக்கும் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எழுதுங்க முசே. உள்ளது உள்ளபடியே எழுதுங்க. நீங்க கம்பி போடல. நான் குப்பத்துக் குட்டின்னு மெதப்புல வுட்டுட்டேன். மதாம் சொல்லச் சொல்லக் கேக்கல. ரெண்டையும் எழுதுங்க. ஒரு புள்ள இருந்துச்சு, பேரு வேம்புன்னும் எழுதுங்க. இந்த வூட்டுல யாரும் அது பேரையே சொல்றதில்ல."

"வேம்பு" என்றாள் மதாம்.

முசே அன்று சாயங்காலமே எழுதினார். தபாலில் போட்டுவிட்டு வந்து, சேதராப்பட்டு ஃபாக்டரியில் வெல்டிங் வேலை பார்க்கிற அம்மாவாசை என்பவனுக்குச் சொல்லி அனுப்பினார். மகனிடமிருந்து பதில் வர நாளாகும். வருவானோ மாட்டானோ, வேலி இருக்கட்டும் என்றார். பலராமனும் சொன்ன சொல்படி வலையை அவிழ்க்காமல் வைத்திருந்தான்.

அம்மாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஃபாக்டரிக்கு லீவு. கம்பிகளை வண்டியில் போட்டுக்கொண்டு, மாதா கோயில் பூசை முடிந்து முசே திரும்புகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தான். இளவயசுக்காரன். வெளியூர். இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது. குழி எடுத்து இரும்புக் கால்களை ஊன்றினான், கம்பிகளை அறுத்தான், பற்றவைத்தான். நீல வெளிச்சம் தோட்டமெல்லாம் பளீர் பளீர் என்று அடித்தது. கன்னியம்மாள் சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் மேரிக்கு அலைந்து, சட்டம் கேட்டு, புருஷனோடு மல்லுக்கட்டி வாங்கிய வேலி. பெரிய வேலையாக இருக்கும், நாலைந்து நாளாவது ஆகும் என்று மனசில் நினைத்திருந்தாள். அதற்குள் பேரன் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலைகூட இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, முசேயும் மதாமும் படுக்கப் போனார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அவள் தோட்டத்துக்கு வந்தபோது அம்மாவாசை சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்பா, கெளம்பிட்டியா? மிச்சம் எப்ப?"

"மிச்சம் ஏதும்மா? முடிஞ்சிடுச்சி."

அவள் வேலியைப் பார்த்தாள். நான்கு பக்கமும் கம்பி நின்றது. ஒரு சின்னக் கதவு. மேலே ஒரு கொக்கி. அவளுக்கு மார்பளவுகூட வராது.

"காலைலதான வந்த?"

"ஆமா. இது இன்னா பெரிய வேலையா? அரை நாளு."

அவள் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். கொக்கி கிணுகிணு என்று சத்தம் போட்டதே தவிர விடவில்லை.

"இவ்ளோதானாப்பா?" என்றாள்.

அவள் குரல் மாறியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. வேலியின் உயரத்தில் குறை சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். பக்கத்தில் வந்து, தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான்.

"போதும்மா. மூணு வயசுப் புள்ளைன்னா இவ்ளோ ஒசரம்தான் இருக்கும். அதுக்கு இந்தக் கொக்கி எட்டவே எட்டாது" என்றான்.